வேகக் கார்களின் காலம் முடிகிறதா?
கண்டி வாகன வியாபாரிகளுக்கு ஒரு கணக்கு

கண்டியிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை போன்ற சுற்றூர்களிலும் வாகனத் தொழிலை நம்பி வாழும் நமது சகோதரர்கள் ஏராளம். கார் சேல் நடத்துபவர், உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர், கராஜ் பாஸ்மார், டயர் கடைக்காரர், டிங்கர், பெயின்ட் வேலைக்காரர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவர்கள் மத்தியில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. வீதியெல்லாம் ஹைபிரிட் ஆகிவிட்டது, மின்சாரக் கார்களும் வந்துவிட்டன, அப்படியானால் சத்தமும் வேகமுமாக ஓடும் பெற்றோல் கார்களுக்கு இனி எதிர்காலம் உண்டா?

இது இளைஞர்களின் பொழுதுபோக்குக் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் வியாபாரிக்கு இது முதல் பற்றிய கேள்வி. கடை ராக்கையில் எந்தச் சாமானை நிரப்புவது? மகனை எந்தத் தொழிலைப் படிக்க அனுப்புவது? கையில் உள்ள பணத்தைப் போட்டு ஒரு பழைய லேன்சர் எவலூஷனை வாங்கி வைக்கலாமா? இந்த மூன்றுக்கும் விடை அந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஒவ்வொன்றாக மறைந்தவை

எமது நாட்டில் வேகக் கார் என்றதும் நினைவுக்கு வருவன பெரும்பாலும் ஜப்பானியக் கார்களே. மிட்சுபிஷி லேன்சர் எவலூஷன், சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ்., ஹொண்டா சிவிக் வீடெக், நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டாலே சிலருக்கு உடம்பு சிலிர்க்கும். மலைநாட்டுக்கும் இந்த ஆசை புதிதல்ல. நுவரெலியாவின் மகாகஸ்தொட்டை மலையேற்ற ஓட்டப் போட்டி 1934 ஆம் ஆண்டு ஆரம்பமானது. கண்டி, கம்பளை கராஜ்களில் எஞ்சினைத் 'தயார் செய்யும்' கலை அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த கலையாகும்.

இந்தக் கார்களைச் செய்தவர்களே அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். மஸ்தா ஆர்.எக்ஸ்.8 2012 இல் நின்றது. லேன்சர் எவலூஷன் 2016 இல் முடிவுக்கு வந்தது. 2007 இல் அறிமுகமான நிசான் ஜி.டி.ஆர். ஆர்35 இன் உற்பத்தி 2025 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. காரணம் வாங்க ஆளில்லை என்பதல்ல. புகை, இரைச்சல், பாதுகாப்பு ஆகியவை பற்றிய சட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு இறுகுகின்றன. குறைந்த எண்ணிக்கையில் விற்கும் ஒரு காரை அந்தச் சட்டங்களுக்கு ஏற்பத் திருத்துவதற்கு ஆகும் செலவு இலாபத்தைத் தின்றுவிடுகிறது. எந்த வியாபாரிக்கும் விளங்கக்கூடிய கணக்குத்தான் இது.

சிக்கனத்துக்கு வந்தது வேகத்துக்கும் உதவியது

ஹைபிரிட் என்பது முதலில் எரிபொருள் சிக்கனத்துக்காகவே வந்தது. டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதை யாரும் வேகக் கார் என்று சொல்லவில்லை. ஆனால் பந்தயக் கார் செய்பவர்கள் அதில் வேறொன்றைக் கண்டார்கள்.

பெற்றோல் எஞ்சின் முழு வலுவையும் உடனே தராது. அது குறிப்பிட்ட சுற்றுக்கு ஏறவேண்டும். டர்போ பூட்டிய எஞ்சினாக இருந்தால் டர்போ சுழன்று காற்றழுத்தம் கூடும் வரை ஒரு கணம் காத்திருக்கவேண்டும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே தனது முழு இழுவிசையையும் தருகிறது. எனவே எஞ்சின் தூங்கும் இடத்தில் மோட்டார் இழுக்கிறது, மோட்டார் களைக்கும் இடத்தில் எஞ்சின் இழுக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் சக்தியின் ஒரு பகுதியும் பற்றரிக்குத் திரும்புகிறது.

இதன் பயன் விரைவில் தெரிந்தது. 2012 இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை முதன்முறையாக ஒரு ஹைபிரிட் கார் வென்றது. அது அவுடி நிறுவனத்தின் கார். 2014 முதல் போர்மியுலா வன் கார்களில் டர்போ எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் அமைப்பே பாவிக்கப்படுகிறது. வீதிக் கார்களிலும் அதே கதைதான். ஃபெராரி 2013 இல் லாஃபெராரியைக் கொண்டுவந்தது. லம்போகினி 2023 இல் தனது 12 சிலிண்டர் எஞ்சினோடு மின்மோட்டார்களைச் சேர்த்து ரெவுவெல்ட்டோவை வெளியிட்டது. போர்ஷே 911 இன் ஒரு வகையும் 2024 இல் ஹைபிரிட் ஆனது. பெற்றோல் எஞ்சினைப் பெருமையாகக் கருதிய நிறுவனங்களே அதைத் தூக்கி எறியவில்லை. பக்கத்தில் ஒரு உதவியாளரை நிறுத்தியிருக்கின்றன.

பாதை நேரானதல்ல

அப்படியானால் பெற்றோலின் கதை முடிந்துவிட்டதா என்றால், அவசரப்படக் கூடாது. சந்தை தன் விருப்பத்தைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது.

மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. நிறுவனம் 2022 இல் தனது சி63 காரின் 8 சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, 2 லீற்றர் 4 சிலிண்டர் எஞ்சினோடு மின்மோட்டாரைப் பொருத்தியது. வலு முன்னரைவிடக் கூடியது, 680 குதிரைவலு. ஆனால் பழைய வாடிக்கையாளர் மனம் ஒப்பவில்லை. காரின் எடை 2 தொன்னைத் தாண்டியது, பழகிய சத்தமும் போய்விட்டது. 2024 இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 ஹைபிரிட்டின் எடை சுமார் 2.4 தொன். அமெரிக்காவில் டொட்ஜ் நிறுவனம் 2023 இறுதியில் தனது வி8 சார்ஜர், சலஞ்சர் கார்களை நிறுத்தியது. ஆனால் அதே குழுமம் 2025 இல் ரேம் வாகனத்துக்கு ஹெமி வி8 எஞ்சினைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. உலக ரெலி சாம்பியன்ஷிப் போட்டியிலும் 2022 இல் உயர்பிரிவுக் கார்களுக்கு ஹைபிரிட் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. செலவும் சிக்கலும் அதிகம் என்று 2025 இல் அதைக் கழற்றிவிட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2035 முதல் புகை கக்கும் புதிய கார்களை விற்க முடியாது என்று 2023 இல் சட்டம் இயற்றியது. அதைச் சற்றுத் தளர்த்தி, நூறு வீதக் குறைப்புக்குப் பதிலாக 90 வீதக் குறைப்பு போதும் என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2025 டிசம்பரில் முன்மொழிந்தது.

இவற்றிலிருந்து நாம் விளங்கவேண்டியது ஒன்றுதான். வேகப் பெற்றோல் கார் ஒரேயடியாக அழியப்போவதில்லை. அது பொதுச் சந்தையை விட்டு விலகி, ஒரு சிலருக்கான பொருளாக மாறுகிறது. கைக்கடிகாரத்துக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். குவார்ட்ஸ் கடிகாரம் மலிவாக வந்த பின்னும் சாவி கொடுக்கும் கடிகாரம் அழியவில்லை. ஆனால் ஊருக்கு நாலு கடை வைத்து அதைத் திருத்திப் பிழைக்கும் காலம் போய்விட்டது.

எமது நாட்டில் வேகத்தை அளப்பது சுங்கம்

எமது நாட்டில் எந்தக் கார் வீதிக்கு வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ரசனையைவிட வரிதான். கார்களுக்கான உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து அறவிடப்படுகிறது. சி.சி. கூடக் கூட ஒவ்வொரு சி.சி.க்கும் அறவிடப்படும் தொகையும் படிப்படியாக ஏறுகிறது. ஆகவே எஞ்சின் இரண்டு மடங்கானால் வரி இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. அதன்மேல் சுங்கத் தீர்வை, ஆடம்பர வரி, 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட வற் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. மின்சாரக் கார்களுக்கு வரி மோட்டாரின் கிலோவாட் வலுவைப் பார்த்து விதிக்கப்படுகிறது.

இதனால்தான் இங்கே வேடிக்கையான காட்சிகளைக் கண்டோம். பி.எம்.டபிள்யூ. ஐ8 என்ற கார் 2014 முதல் 2020 வரை தயாரிக்கப்பட்டது. பார்வைக்கு அது பந்தயக் கார். எஞ்சினோ 1,499 சி.சி. கொண்ட 3 சிலிண்டர் எஞ்சின். மின்மோட்டாரும் சேர்ந்து 362 குதிரைவலு தந்தது. ஹைபிரிட் சலுகையும் சின்ன எஞ்சினும் சேர்ந்ததால் அது இலங்கை வீதிகளிலும் ஓடியது. அதேபோல் 988 சி.சி. டர்போ எஞ்சின் பொருத்திய ஹொண்டா சிவிக்கும் 1,000 சி.சி.க்குள் அடங்கியதால் இங்கே நன்றாக விற்பனையானது. பழைய எவலூஷனின் 1,997 சி.சி. எஞ்சின் இந்த வரிக் கணக்கில் நிற்கவே முடியாது. சிறிய எஞ்சின், டர்போ, பக்கத்தில் ஒரு மின்மோட்டார் என்பதே இனி இங்கே வரக்கூடிய வேகக் காரின் உருவம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலை ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த விலையேற்றத்தைக் காரின் பெறுமதி என்று நினைத்தவர்கள் உண்டு. அது தட்டுப்பாட்டின் விலையாகும். கதவு திறந்ததும் தட்டுப்பாட்டின் விலை இறங்கத்தான் பார்க்கும்.

2022 ஐயும் மறக்க முடியாது. அந்த ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கும், 95 ஒக்டேன் 550 ரூபாவுக்கும் ஏறியது. பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு காருக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்தது. லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடும் வேகக் கார் அந்த 20 லீற்றரில் 140 கிலோமீற்றர் ஓடும். கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகலாம், திரும்பி வர முடியாது. லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் ஹைபிரிட் அதே பெற்றோலில் 400 கிலோமீற்றர் ஓடும். குடும்பத்துக்குக் கார் வாங்கும் மனிதன் ஹைபிரிட்டின் பக்கம் சாய்ந்ததற்கு இதைவிட வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

மலை வீதி சொல்லும் பாடம்

கண்டிக்கு மட்டும் உரிய ஒரு விடயத்தையும் சொல்லவேண்டும். கட்டுகஸ்தோட்டை, பேராதனை வீதிகளின் நெரிசலில் ஹைபிரிட்டை வெல்ல எதுவும் இல்லை. நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது, ஊரும்போது மோட்டார் இழுக்கிறது. ஆனால் கடுகண்ணாவை ஏற்றம், கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா ஏற்றம், மஹியங்கனை வீதியின் 18 வளைவு ஆகியவை வேறு கதை. சாதாரண ஹைபிரிட்டின் பற்றரி சிறியது. பழைய பிரியஸில் இருந்தது சுமார் 1.3 கிலோவாட் மணி மட்டுமே. நீண்ட ஏற்றத்தில் அது விரைவில் இறங்கிவிடும். பிறகு முழுச் சுமையையும் சின்ன எஞ்சின்தான் இழுக்கவேண்டும். நீண்ட இறக்கத்திலோ பற்றரி விரைவில் நிறைந்துவிடும். அதன்பின் மோட்டாரால் பிரேக் பிடிக்கும் உதவி குறையும். அந்த நேரத்தில் கியர் லீவரை 'பி' நிலைக்கு மாற்றி எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்தவேண்டும் என்பது பல சாரதிகளுக்குத் தெரியாது. கார் விற்பவர் இதைச் சொல்லிக் கொடுத்தால் ஒரு உயிரைக்கூடக் காப்பாற்றலாம்.

ஒவ்வொரு ஹைபிரிட்டும் ஒன்றல்ல என்பதும் முக்கியம். டொயோட்டாவின் முறையில் கிளட்ச் இல்லை. 2013 இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளட்ச் கொண்ட 7 வேக கியர்பெட்டி இருக்கிறது. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்த ஜப்பானிலேயே 2013, 2014 ஆம் ஆண்டுகளில் பல தடவை கார்களைத் திருப்பி அழைத்தார்கள். ஏற்றத்தில் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அந்தக் கிளட்ச் சூடேறும். எனவே மலைநாட்டு வாடிக்கையாளருக்குக் கார் சிபாரிசு செய்யும்போது எரிபொருள் சிக்கனத்தோடு இதையும் பார்க்கவேண்டும்.

ராக்கையில் எதை வைப்பது?

ஹைபிரிட் வந்தால் உதிரிப்பாகக் கடை மூடவேண்டும் என்று பயப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹைபிரிட்டுக்குள்ளும் ஒரு பெற்றோல் எஞ்சின் இருக்கிறது. எண்ணெய், எண்ணெய் பில்டர், எயார் பில்டர், பிளக், சஸ்பென்ஷன் புஷ், ஷொக் அப்சோபர், டயர் ஆகியவற்றின் வியாபாரம் தொடரும்.

குறையப்போவது வேறு. அக்குவா, மூன்றாம் தலைமுறை பிரியஸ் போன்ற கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஒல்டர்னேட்டர் இல்லை, கிளட்ச் பிளேட் இல்லை, பேன் பெல்ட்டும் இல்லை. பிரேக் பேட் தேய்வதும் குறைவு. இந்தச் சாமான்களில் பெருந்தொகையை முடக்கி வைத்திருப்பவர் இப்போதே மெதுவாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

கூடப்போவதும் உண்டு. இன்வெர்ட்டருக்கான கூலண்ட் பம்ப், பற்றரியைக் குளிர்விக்கும் விசிறியும் அதன் பில்டரும், பிரேக் அக்சுவேட்டர், ஈ.ஜி.ஆர். வால்வ் சுத்தம் செய்யும் வேலை, பற்றரிப் பரிசோதனை ஆகியவைதான் அவை. பின்சீற்றுக்குப் பக்கத்தில் உள்ள பற்றரி விசிறி தூசியால் அடைபட்டு, இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியான பற்றரி வெந்துபோவதைப் பல கராஜ்காரர்கள் பார்த்திருப்பார்கள். சிறு கட்டணத்துக்குச் செய்யும் சுத்தம் பெரிய நஷ்டத்தைத் தடுக்கிறது. இது வாடிக்கையாளரைக் கையில் வைத்திருக்க நல்ல வழி.

பாஸ்மாருக்கு ஒரு எச்சரிக்கை. செம்மஞ்சள் நிற வயர்களில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். பிரியஸின் பற்றரியே 200 வோல்ட்டுக்கு மேல். சேர்விஸ் பிளக்கைக் கழற்றாமல், உரிய கையுறை இல்லாமல் அதில் கை வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். மகனைக் கராஜில் வைத்துப் பழக்குவதோடு நின்றுவிடாமல், முறையான வாகன மின்னியல் பயிற்சிக்கும் அனுப்புங்கள். கார்பரேட்டர் காலத்திலிருந்து கணினி காலத்துக்கு மாறியபோது படித்த கராஜ்கள்தான் நின்றன. இதுவும் அதுபோன்ற ஒரு திருப்பம்.

எவலூஷன் வாங்கி வைக்கலாமா?

இனி ஆசையும் பணமும் சேரும் இடத்துக்கு வருவோம். உற்பத்தி நின்ற வேகக் கார்களின் விலை வெளிநாடுகளில் ஏறியிருப்பது உண்மை. ஆனால் அங்கே விலை கிடைப்பது எந்தக் காருக்கு? விபத்தில் அடிபடாத, எஞ்சின் மாற்றாத, சேர்விஸ் புத்தகம் உள்ள, அசல் பாகங்களோடு இருக்கும் காருக்கு. எமது நாட்டில் உள்ளவற்றில் பல பந்தயத்திலும் 'தயார் செய்வதிலும்' உருமாறியவை. எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகமும் ஒத்துப்போகாத கார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது சொத்தல்ல, தலைவலி.

அத்தோடு இவற்றை வாங்குவோர் ஒரு சிலரே. அவசரத்துக்கு விற்கப் போனால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். டர்போ எஞ்சின்களில் பல ஜப்பானின் 100 ஒக்டேன் பெற்றோலுக்கு அமைக்கப்பட்டவை. 92 ஊற்றி ஓட்டினால் எஞ்சின் நொக் ஆகும். பாகங்களும் அரிதாகிக்கொண்டு வருகின்றன. எனவே மேலதிகப் பணம் உள்ளவர் ஆசைக்கு ஒன்றை வைத்திருக்கலாம். கடை முதலையோ, கடன் வாங்கிய பணத்தையோ இதில் போடுவது புத்தியல்ல. லீசிங் வட்டிக்கு எடுத்து இதை வாங்குவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இன்னொன்று. சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் காருக்கு ஸகாத் இல்லை. ஆனால் விற்று இலாபம் பெறும் நோக்கத்தோடு வாங்கி வைத்த கார் வியாபாரப் பொருளாகிறது. வருடம் பூர்த்தியாகும் நாளில் அதன் அன்றைய சந்தைப் பெறுமதிக்கு 2.5 வீதம் ஸகாத் கணக்கிடவேண்டும். ராக்கையில் தூங்கும் உதிரிப்பாகங்களும் அப்படித்தான். விற்காத சாமானுக்கும் ஸகாத் எழும்போதுதான் முடங்கிய முதலின் பாரம் தெரியும். ஐயம் இருப்பவர்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஈரமான தானியம்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்து விற்கச் சொன்ன சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். இன்றைய வாகன வியாபாரத்தில் அந்த ஈரம் எங்கே இருக்கிறது? மீற்றரைப் பின்னோக்கித் திருப்புவதில் இருக்கிறது. பழுதான பற்றரியில் இரண்டு செல்லை மட்டும் மாற்றி 'புதுப் பற்றரி' என்று சொல்வதில் இருக்கிறது. விற்பதற்கு முதல்நாள் ஸ்கேனரைப் பொருத்தி எச்சரிக்கை விளக்கை அழித்துவிடுவதில் இருக்கிறது. பந்தயத்தில் கவிழ்ந்த காரைப் பெயின்ட் பூசி 'லேடி டொக்டர் ஓட்டியது' என்று சொல்வதில் இருக்கிறது.

பழைய பெற்றோல் காரின் குறையைச் சத்தத்தாலும் புகையாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஹைபிரிட்டின் குறை கண்ணுக்கும் காதுக்கும் தெரியாது. வாங்குபவர் விற்பவரின் வார்த்தையையே நம்பவேண்டியிருக்கிறது. அதனால் இந்தப் புதிய காலத்தில் நேர்மைக்கு முன்னரைவிட விலை அதிகம். பற்றரிப் பரிசோதனை அறிக்கையைக் கையில் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கும் ஒரு கார் சேல் கண்டியில் நிலைத்து நின்றால், கொழும்பிலிருந்தும் வாடிக்கையாளர் ஏறி வருவார்கள்.

முடிவாக

கணக்கு இதுதான். அன்றாட வியாபாரம் ஹைபிரிட்டோடு போகிறது, முதலும் படிப்பும் அதன் பின்னால் போகட்டும். வேகப் பெற்றோல் கார் ஒரு சிலரின் கைவினையாக மிஞ்சும். அந்தக் கலை தெரிந்த பாஸ்மார் அதைக் கைவிடவேண்டியதில்லை. எண்ணிக்கை குறையும்போது நல்ல வேலைக்காரனின் மதிப்புக் கூடும். வேலையை ஒழுங்காகச் செய்து, மாற்றிய பாகத்தை எழுதி வைத்து, பில்லும் கொடுத்தால் தூர ஊர்களிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள்.

வேகத்தை விரும்பும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் 21 இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் பாதையை விட்டு விலகியதில் 7 பேர் உயிரிழந்தார்கள். ஒழுங்கு செய்யப்பட்ட ஓட்டப்பாதையிலேயே இப்படி என்றால், இரவில் ஊர் வீதியில் சைலன்ஸரை வெட்டி ஓடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசியுங்கள். அந்தக் காரை அப்படிச் 'செய்து' கொடுக்கும் கராஜுக்கும் அதில் பங்குண்டு.

காலம் மாறும்போது ரிஸ்க்கின் வாசல் ஒன்று மூடி இன்னொன்று திறக்கிறது. மூடிய வாசலில் தட்டிக்கொண்டு நிற்காமல், திறந்ததைப் பார்த்து நடப்பவரே வியாபாரி. அல்லாஹ் எமது கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.